வைத்திருப்பவரும் படிக்க முடியாத கோப்புகள்

மேகச் சேமிப்பு விற்கும் எந்த நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்துப் பார்த்தாலும், கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டுப் பத்திரமாக இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். கூகுள் டிரைவ் சொல்கிறது, ஒன்டிரைவ் சொல்கிறது, டிராப்பாக்ஸும் சொல்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நம் போனிலிருந்து அவர்களுடைய சர்வருக்குப் போகும் வழியில் கோப்பு மறைக்கப்பட்டே போகிறது. அங்குள்ள வட்டுகளிலும் மறைக்கப்பட்டே கிடக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவியும் அதே நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வட்டைக் கழற்றிக்கொண்டு ஓடும் திருடனிடமிருந்து இந்த ஏற்பாடு காப்பாற்றும். உள்ளே வேலை செய்யும் ஊழியரிடமிருந்தோ, அவர்கள் எழுதிய நிரலில் உள்ள பிழையிலிருந்தோ, ஆணையோடு வரும் அதிகாரியிடமிருந்தோ காப்பாற்றாது.

2011 ஜூன் மாதம் டிராப்பாக்ஸ் தன் நிரலில் செய்த ஒரு மாற்றம் பிசகி, சுமார் நான்கு மணி நேரம் எந்தப் பாஸ்வேர்டைத் தட்டினாலும் எவருடைய கணக்கும் திறந்துகொண்டது. கோப்புகள் அப்போதும் மறையாக்கத்தில்தான் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில், கூகுளின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகளில் அமெரிக்க உளவு அமைப்பு ஒட்டுக்கேட்டதைக் காட்டும் கையால் வரைந்த படம் ஒன்று இருந்தது. மறையாக்கம் எந்த இடத்தில் கழற்றப்படுகிறது என்று குறித்து, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் வரைந்திருந்தார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் இருமுனை மறையாக்கம். இதில் கோப்பு நம் கருவியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் வெளியே கிளம்புகிறது. நாம் தட்டும் பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி அங்கேயே உருவாகிறது. அந்தச் சாவி சர்வருக்குப் போவதில்லை. நிறுவனம் வைத்திருப்பது அர்த்தமற்ற பைட்டுகளின் குவியலை மட்டுமே. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. அப்படியானால் பெரிய நிறுவனங்கள் எல்லோருக்கும் இதையே ஏன் கொடுப்பதில்லை?

ஏனென்றால் நாம் மகிழ்ந்து பயன்படுத்தும் வசதிகளில் பாதி, சாவி அவர்களிடம் இருப்பதால் கிடைப்பவை. பாட்டியின் பெயரைத் தட்டினால் பாட்டி இருக்கும் படங்களெல்லாம் வந்து நிற்பது, ஸ்கேன் செய்த ரசீதுக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடிவது, நான்கு பேர் ஒரே கணக்கேட்டைப் பிரௌசரிலேயே திருத்துவது, பாஸ்வேர்டு மறந்தால் போனுக்கு ஓர் எண் அனுப்பி மீட்டுத் தருவது, எல்லாம் அப்படித்தான். ஒரே திரைப்படத்தை ஆயிரம் பேர் ஏற்றினாலும் ஒரே பிரதியாக வைத்து வட்டுச் செலவை மிச்சப்படுத்த நிறுவனத்தால் முடிவதும் அதனால்தான். இருமுனைக்கு மாறினால் இவை போகும், அல்லது அரைகுறையாகும். மாறுபவர் இதைத் தெரிந்துகொண்டே மாற வேண்டும்.

சாவி வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தியும் பார்ப்பார். சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு தந்தைக்கு 2021 பிப்ரவரியில் நடந்ததை அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. சிறு குழந்தையின் அந்தரங்க உறுப்பில் வீக்கம்; கொரோனா காலம் என்பதால் காணொலி வழியாகத்தான் மருத்துவரைப் பார்க்க முடிந்தது; படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். அவருடைய ஆண்ட்ராய்டு போன் அந்தப் படத்தைத் தானாகவே கூகுள் கணக்கிலும் ஏற்றியது. அங்கிருந்த தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றமாகக் குறித்தது. இரண்டு நாளில் கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சல், பல ஆண்டுப் படங்கள், தொடர்புகள், கூகுள் சேவையில் வாங்கியிருந்த போன் எண் என எல்லாம் ஒன்றாகப் போயின. காவல்துறை விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. அந்தச் சோதனையின் நோக்கம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மொத்த ஆவணமும் மேல்முறையீட்டுக்கும் திறக்காத ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பதை எல்லோருக்கும் காட்டிய வழக்கு இது.

பெரிய நிறுவனங்களில் இருமுனை மறையாக்கத்தின் திசையில் கணிசமாக நகர்ந்தது ஆப்பிள்தான். 2022 டிசம்பரில் ஐகிளவுடுக்கு ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’ என்ற தெரிவைக் கொண்டுவந்தது. அதை நாமாகத்தான் இயக்க வேண்டும். இயக்கினால் பேக்கப், படங்கள், குறிப்புகள் ஆகியவற்றின் சாவி நம் கருவிகளில் மட்டுமே இருக்கும். மின்னஞ்சல், தொடர்புகள், நாட்காட்டி மட்டும் விலக்கு. பிறகு பிரிட்டன் அரசு தன் புலனாய்வு அதிகாரச் சட்டத்தின்கீழ் இந்தப் பூட்டுக்கு வழிவிடும்படி ரகசிய ஆணை கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2025 பிப்ரவரியில் ஆப்பிள் பிரிட்டன் பயனர்களுக்கு அந்தத் தெரிவையே நிறுத்திக்கொண்டது. நிறுவனம் உறுதியாக நின்றாலும், நாம் எந்த நாட்டில் உட்கார்ந்து அதைப் பயன்படுத்துகிறோம் என்பது முடிவை மாற்றிவிடுகிறது.

நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் செய்தி போய்ச்சேரும் வழி இருமுனை மறையாக்கத்தில் இருக்கிறது. ஆனால் இரவில் அது கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ எடுத்து வைக்கும் பேக்கப்புக்கு 2021 வரை அந்தப் பூட்டு இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் வசதி வந்தது. அதுவும் அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டியது. ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் நம்மூரில் வாட்ஸ்அப் வழியாகத்தான் பயணம் செய்கின்றன. வேறெந்தச் சேவைக்கும் மாறாதவர்கள்கூட இந்த ஒன்றை இன்றே இயக்கிவிடலாம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் நாம் விட்டுவந்த ஆதார் பிரதியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு எந்த மறையாக்கமும் மருந்தில்லை.

இனி, சாவி தங்களிடம் இல்லை என்று சொல்லியே விற்கும் சேவைகள். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் டிரைவ், டிரெசோரிட், பிகிளவுட், நியூசிலாந்தின் மெகா, கனடாவின் சிங்க், ஜெர்மனியின் ஃபைலென், ஸ்பெயினின் இன்டர்நெக்ஸ்ட், படங்களுக்கு மட்டுமென்றால், கூகுளில் வேலைபார்த்த இந்தியப் பொறியாளர் ஒருவர் தொடங்கிய என்டே. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு விலைப்பட்டியலை நீட்டும் ஒப்பீடுகள் ஏராளம். அவை பெரும்பாலும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தின் சர்வரே நம்மை ஏமாற்ற முனைந்தால் என்ன ஆகும்?

கேள்வி விதண்டாவாதம்போலத் தோன்றலாம். ஆனால் இருமுனை மறையாக்கத்தின் ஒரே வாக்குறுதியே, சர்வரை நம்ப வேண்டாம் என்பதுதான். சர்வருக்குள் ஊடுருவல் நடந்தாலும், உரிமையாளர் மாறினாலும், அரசு மிரட்டினாலும் கோப்பு தாக்குப்பிடிக்க வேண்டும். சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் கென்னத் பேட்டர்சனின் ஆய்வுக்குழு இந்த வாக்குறுதியை வரிவரியாகச் சோதிக்கத் தொடங்கியது. முதலில் மாட்டியது மெகா. 2013 ஜனவரியில் தொழிலதிபர் கிம் டாட்காம் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய சேவை அது, கோடிக்கணக்கான பயனர்கள். 2022இல் வெளியான ஆய்வின்படி, தீய நோக்கமுள்ள சர்வர் ஒன்று, ஒரு பயனர் 512 முறை உள்நுழைவதற்குள் அவருடைய தனிச்சாவியைச் சிறிது சிறிதாகக் கறந்துவிட முடியும். வேறு இரு ஆய்வாளர்கள் பின்னர் அதை ஆறே முறைக்குக் குறைத்துக் காட்டினார்கள். இன்னும் கலங்கடிக்கும் கண்டுபிடிப்பு வேறு: பயனரே ஏற்றியதுபோலத் தோன்றும் கோப்புகளை அவருடைய கணக்குக்குள் சர்வரால் நுழைக்க முடிந்தது. படிக்கப்படுவதைவிடப் பழி சுமத்தப்படுவது மோசம். மெகா திருத்தம் வெளியிட்டது.

2024இல் அதே பல்கலைக்கழகத்தின் யோனாஸ் ஹாஃப்மன், கியென் துவோங் துருவோங் இருவரும் சிங்க், பிகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரெசோரிட் என்ற ஐந்தையும் ஒருசேர எடுத்துக்கொண்டார்கள். ஐந்துக்கும் சேர்த்து 2 கோடியே 20 லட்சம் பயனர்கள். சிங்க்கிலும் பிகிளவுடிலும் சாவிகள் உண்மையானவையா என்று பயனரின் செயலி சரிபார்ப்பதில்லை. சர்வர் தன் சொந்தச் சாவியைச் செருகினால் செயலி அதிலேயே பூட்டி அனுப்பிவிடும். ஐஸ்டிரைவ், ஏனையோர் பயன்படுத்தாத டூஃபிஷ் என்ற மறையாக்க முறையைத் தன் சிறப்பாக விளம்பரம் செய்துவந்தது. அந்த முறையில் குறையில்லை, அதைப் பயன்படுத்திய விதத்தில், கோப்பின் உள்ளடக்கம் திருத்தப்பட்டாலும் கண்டுபிடிக்க வழியில்லாமல் இருந்தது. சீஃபைலைப் பழைய, பலவீனமான நெறிமுறைக்குச் சர்வரால் இறக்கிவிட முடிந்தது. ஐந்தில் ஒப்பீட்டளவில் உறுதியாக நின்றது டிரெசோரிட். அதிலும் கோப்பைப் பகிரும்போது மறுமுனையில் இருப்பவரின் சாவியைச் சரிபார்க்கும் இடத்தில் சர்வரைச் சார்ந்திருக்கும் நிலை இருந்தது. ஐஸ்டிரைவ் மட்டும் குறைகளைச் சரிசெய்யப் போவதில்லை என்று ஆய்வாளர்களிடம் சொல்லிவிட்டது.

இதில் பிகிளவுட் பற்றிய ஒரு கிளைக்கதை எனக்குப் பிடிக்கும். தங்கள் பூட்டை உடைப்பவருக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு என்று அது முன்பொரு காலம் போட்டி வைத்தது. யாரும் உடைக்கவில்லை, அந்த வெற்றி நெடுநாள் விளம்பரத்தில் இருந்தது. வெளியாட்களுக்கு எதிரான போட்டி அது. சர்வரே எதிரியானால் என்ன என்பதை அது சோதிக்கவே இல்லை. பரிசுப்போட்டி, ‘ராணுவத் தரம்’, ‘வங்கித் தரம்’, ‘256 பிட்’ ஆகியவற்றைப் பார்த்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஏ.இ.எஸ்-256 என்ற அந்த மறையாக்க முறை பெரும்பாலோரிடம் இருக்கிறது. பார்க்க வேண்டியவை வேறு. செயலியின் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா? வெளியார் தணிக்கை செய்த அறிக்கை முழுமையாக வெளியிடப்பட்டிருக்கிறதா? குறை சொன்ன ஆய்வாளர்களுக்கு அந்த நிறுவனம் எப்படிப் பதில் சொன்னது? கடைசிக் கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். உடைந்ததை விரைந்து ஒட்டும் நிறுவனம், இதுவரை யாரும் தட்டிப் பார்க்காத நிறுவனத்தைவிட நம்பத்தக்கது. புரோட்டான், ஃபைலென், என்டே ஆகியவை தங்கள் செயலிகளின் மூலநிரலைத் திறந்து வைத்திருக்கின்றன. டிரெசோரிட் திறக்கவில்லை, ஆனால் சோதனையில் நின்றது. எது பெரிது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பிரௌசர் வழியாகத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செயலியை ஒருமுறை நிறுவினால் அடுத்த புதுப்பிப்பு வரை அதே நிரல்தான் ஓடுகிறது. பிரௌசரிலோ, பூட்டைத் திறக்கும் நிரலைச் சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக அனுப்புகிறது. ஒரே ஒரு பயனருக்கு மட்டும் ஒரே ஒரு நாள் மாற்றிய நிரலை அனுப்பினால் யாருக்கும் தெரியாது. அதனால் முக்கியமான கோப்புகளைச் செயலி வழியாகத் திறப்பதே மேல்.

சுவிட்சர்லாந்து என்றதும் நம்மவர்களுக்குச் சுவிஸ் வங்கி நினைவுக்கு வந்து ஒரு மயக்கம் ஏற்படுகிறது. 2021இல் பிரெஞ்சுப் பருவநிலைப் போராட்டக்காரர் ஒருவரைப் பற்றிய விசாரணையில், சுவிஸ் அதிகாரிகளின் ஆணைக்கு இணங்க, புரோட்டான் நிறுவனம் அவருடைய மின்னஞ்சல் கணக்கின் ஐ.பி. முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது. அஞ்சல்களின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஐ.பி. முகவரியைப் பதிவு செய்வதில்லை என்று அதுவரை இணையதளத்தில் இருந்த வாசகத்தைப் பிறகு மாற்றி எழுதினார்கள். மறையாக்கம் காப்பது கோப்பின் உள்ளடக்கத்தை. யார், எங்கிருந்து, எப்போது, எவ்வளவு பெரிய கோப்பை ஏற்றினார் என்பதை எந்தச் சட்டமும் கேட்டு வாங்க முடியும். அமெரிக்க நிறுவனங்களுக்கு 2018ஆம் ஆண்டின் கிளவுட் சட்டம் பொருந்தும். தரவு அயர்லாந்தில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், அமெரிக்க நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர் இன்னும் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறையாக்கத்தை நீக்கித் தரும்படி நிறுவனத்துக்கு மட்டுமின்றிக் கணினியின் பொறுப்பாளர் எவருக்கும் ஆணையிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆக, சாவி நம்மிடம் மட்டுமே இருந்தால், ஆணை நம் வீட்டு வாசலுக்கு வரும். இரண்டாவது, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. வி.பி.என்., மேகச் சேவை, தரவு மைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் முதலானவற்றை அவர் சேவையை விட்டு விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பெரிய வி.பி.என். நிறுவனங்கள் சில அதன் பிறகு இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே அகற்றிக்கொண்டன. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்ன தீர்ப்பும் இதே நாட்டில்தான் நடப்பில் இருக்கிறது.

சேவையை மாற்றாமலேயே பூட்டை மட்டும் நாமே போட்டுக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று உருவாக்கும் கிரிப்டோமேட்டர் என்ற திறந்த மூலச் செயலி, இருக்கும் கூகுள் டிரைவுக்குள்ளேயே ஒரு பெட்டகத்தை உண்டாக்குகிறது. அதற்குள் போடும் ஒவ்வொரு கோப்பும், அதன் பெயரும் மறைந்த பிறகே டிரைவுக்குப் போகின்றன. கூகுளுக்குத் தெரிவது கோப்புகளின் எண்ணிக்கை, தோராயமான அளவு, மாற்றிய நேரம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தயங்காதவர்களுக்கு ஆர்குளோன் இதே வேலையைச் செய்யும். வெராகிரிப்டும் உண்டு, ஆனால் அது எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாகப் பூட்டுவதால், உள்ளே ஒரு தாளை மாற்றினாலும் மொத்தத்தையும் மறுபடி ஏற்ற நேரிடலாம். நம்மூர் இணைய வேகத்துக்குச் சரிப்படாது. இந்த வழியின் பெரும் பலன், பூட்டுபவரும் வைத்திருப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பது. கூகுளோடு பிணக்கு வந்தால் பெட்டகத்தை அப்படியே வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம். குறையும் உண்டு. போனில் எடுக்கும் படங்களைத் தொடர்ச்சியாக இதற்குள் ஏற்றுவது சள்ளை. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு பிரதிகள் உண்டாகிக் குழம்பும்.

நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளை நிறுவிச் சொந்தமாகவே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கற்றுக்கொள்ள நல்ல வேலை. வாராவாரம் பாதுகாப்புத் திருத்தங்களை இட்டு, மின்வெட்டையும் வட்டுப் பழுதையும் சமாளிக்க நேரம் உள்ளவர்களுக்கு மட்டும். அதன் இருமுனை மறையாக்க வசதியிலும் ஆய்வாளர்கள் கடுமையான குறைகளைக் கண்டிருக்கிறார்கள்.

ஒப்பீட்டுப் பட்டியல்களில் இடம்பெறாத இன்னொரு தகுதி, நிறுவனத்தின் ஆயுள். சுவிட்சர்லாந்தின் வுவாலா, இருமுனை மறையாக்கத்தின் முன்னோடிகளில் ஒன்று, 2015இல் மூடியது. கிரிப்டோமேட்டரைப் போலவே வேலைசெய்த பாக்ஸ்கிரிப்டரின் சொத்துகளை 2022 நவம்பரில் டிராப்பாக்ஸ் வாங்கியது. புதிய வாடிக்கையாளர்களுக்குக் கதவு அடைந்தது. ஸ்கிஃப் என்ற சேவையை நோஷன் 2024 பிப்ரவரியில் வாங்கியபோது, பயனர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆறு மாதம். ‘வாழ்நாள் திட்டம்’ என்று ஒருமுறை பணம் வாங்கிக்கொள்ளும் சலுகைகளை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். யாருடைய வாழ்நாள் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருப்பதில்லை. கட்டணத்தில் நமக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, வெளிநாட்டுச் சேவைகள் பலவற்றின் மாதாந்திரப் புதுப்பிப்பு இந்திய அட்டைகளில் தடுமாறுகிறது. கட்டணம் போகாமல், நினைவூட்டல் அஞ்சலும் விளம்பரக் குப்பைக்குள் கிடந்தால் கணக்கு உறையும். ஆண்டுக்கு ஒருமுறை கையால் செலுத்துவது பாதுகாப்பு.

பூட்டுவதால் கோப்பு அழியாமல் இருக்கப் போவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் சேமிப்பான ஜி-டிரைவில் 858 டெராபைட் தரவு மாற்றுப் பிரதி இல்லாமல் அழிந்தது.

என் கணிப்பில், சாதாரணக் குடும்பத்துக்கு உளவாளியைவிட மறதியே பெரிய ஆபத்து. இருமுனைச் சேவையில் பாஸ்வேர்டும் மீட்புச் சாவியும் தொலைந்தால், அந்த நிறுவனத்தின் வாசலுக்கே போய் அழுதாலும் திறக்காது. அதனால் எல்லாவற்றையும் பூட்டத் தேவையில்லை. கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் நகல்கள் சாதாரண டிரைவில் இருக்கலாம். வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி வேண்டும். சொத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை, வரிக் கணக்கு ஆகியவற்றுக்குக் கிரிப்டோமேட்டர் பெட்டகம் போதும். வழக்கறிஞர், மருத்துவர், செய்தியாளர், தொழிற்சங்கத்தில் இருப்பவர் என்று அடுத்தவர் ரகசியத்தைச் சுமப்பவர்கள் புரோட்டானுக்கோ டிரெசோரிட்டுக்கோ பணம் கட்டலாம். ஆனால் பெகாசஸ் போன்ற உளவுமென்பொருள் போனுக்குள் புகுந்துவிட்டால், கோப்பு பூட்டப்படுவதற்கு முன்பே படிக்கப்பட்டுவிடும். அவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கருவியை.

மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில், உடன்பிறந்தவரிடமோ மகளிடமோ இருக்கட்டும். எந்தச் சேவை, எந்த மின்னஞ்சல் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய கணக்கைக் காலி செய்வதற்கு முன், இதுவரை அந்தச் சேவையைத் திறந்தே பார்க்காத ஒரு கணினியில், அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நான்கைந்து கோப்புகளை இறக்கித் திறந்து பாருங்கள். நீங்கள் செய்வதைவிட, வீட்டில் இன்னொருவர் உங்கள் உதவியில்லாமல் செய்து பார்ப்பது நல்லது. அவரால் திறக்க முடியாவிட்டால் பழைய கணக்கை இன்னும் மூட வேண்டாம்.